பீரோவில் என்ன இருக்கிறது, ஐயா?

சென்ற இதழில் ஓய்வுபெற்ற நகராட்சி ஆணையர் ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, ஒரு மனிதர் ஒரே கட்டுரைக்குள் தன் பேச்சைத் தானே எத்தனை இடத்தில் வெட்டிக்கொள்ள முடியும் என்று எண்ணிப் பார்ப்பதற்காக. ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

கல்லூரி மாணவர்களை உள்ளாட்சி அலுவலகங்களுக்கு இன்டர்ன்ஷிப் அனுப்பும் யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை. மாணவர்கள் விவரம் அறியாதவர்களாம். எட்டு வாரத்தில் எதையும் கற்க முடியாதாம். அலுவலகத்தில் ரகசிய ஆவணங்கள் இருக்கின்றனவாம். வார்டு அரசியல் பிள்ளைகளைக் கெடுத்துவிடுமாம். மத்திய அரசின் துலிப் திட்டம் படுத்துவிட்டதே போதுமான சாட்சியாம். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசிப் பத்தியில் பெரிய மனது பண்ணுகிறார். அனுப்பித்தான் தீருவோம் என்றால் அனுப்புங்கள், ஆள் பற்றாக்குறை இருக்கிறது, வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உதவியாக இருப்பார்கள். காசு மட்டும் கேட்காதீர்கள், அனுபவமே ஊதியம்.

நடுவில் ஓரிடத்தில், பேச்சோடு பேச்சாக, தன் வீட்டு வாசலில் தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை என்றும் மூன்று தடவை போன் செய்தும் யாரும் வரவில்லை என்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். ஆள் பற்றாக்குறைக்கு உதாரணமாகச் சொன்னது. வாசகர்கள் அந்த விளக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

நான் அரசுக் கல்லூரியில் பொது நிர்வாகம் நடத்துகிறவன். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று வருடா வருடம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படியேறி இறங்குகிறவன். ஆகவே எனக்கும் இதில் சொந்த வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

அந்தக் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். சொத்துவரி விவரம் ரகசியம், அதை மாணவர் கண்ணில் காட்டக் கூடாது என்பது ஆணையரின் மூன்றாவது வாதம். அதே சொத்துவரி விவரத்தை மாணவர்களே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றட்டும் என்பது அவருடைய தீர்வு. பார்க்கக் கூடாது, ஆனால் தட்டச்சு செய்யலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டச்சு செய்ய எங்கள் துறையில் இன்னும் பாடம் வைக்கவில்லை. விவரம் அறியாதவர்கள் என்றும் அவரே சொல்கிறார். அறியாதவர்கள் கையில் ஊருடைய வரிக் கணக்கைக் கொடுக்கச் சொல்வதும் அவரே. இதில் எந்த வாக்கியத்தை அவர் நம்பி எழுதினார்? எதையும் இல்லை என்பது என் முடிவு. அவருக்கு வேண்டியது, கேள்வி கேட்காத இரண்டு கைகள். அந்தக் கைகளுக்கு மேலே ஒரு தலை இருப்பதுதான் தொந்தரவு.

ரகசியம் என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்காம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மனுப் போட்டுக் கேட்பதற்கு முன்பே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவற்றை அது வரிசையாகச் சொல்கிறது: வரவு செலவு ஒதுக்கீடு, மானியத் திட்டங்களின் பயனாளிகள், சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரம். ஆணையர் பணியில் இருந்தபோது வாசலில் அந்தச் சட்டத்தின் பெயரில் ஒரு பலகை தொங்கியிருக்கும். பொதுத் தகவல் அலுவலர் என்று அவருக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருப்பார். சட்டம் சுவரில் ஒட்டச் சொன்னதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அதற்கு ரகசியம் என்று பெயர் சூட்டுவது நல்ல சாமர்த்தியம். ஆதார் எண், கைப்பேசி எண், மருத்துவ விவரம் போன்ற தனிமனிதத் தகவல்களைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. அவற்றை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். அதற்கு ஒரு ஸ்கேலும் கறுப்பு மார்க்கரும் போதும்.

மதுரையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மாநகராட்சியில் கட்டடங்களுக்குச் சொத்துவரியைக் குறைத்துப் பதிவு செய்ததாகவும், அதற்கு அதிகாரிகளின் கடவுச்சொற்களே பயன்பட்டதாகவும் எழுந்த புகார், காவல் துறை வழக்காகி, அலுவலர்கள் கைதாகி, 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது சின்னக் கேள்வி. அந்தக் கடவுச்சொல் எந்தக் கல்லூரி மாணவர் வழியாக வெளியே போனது? மாணவர் யாரும் உள்ளே இல்லாத அலுவலகத்தில்தானே இத்தனையும் நடந்ததாகச் சொல்கிறார்கள்?

சொத்துவரியில் ஒரு நுட்பம் இருக்கிறது, ஆணையருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். அன்றிலிருந்து சதுர அடி என்பது காசு. பதிவேட்டில் 1,190 என்று இருக்கும் வீடு தரையில் எவ்வளவு என்பதைக் கையில் டேப்போடு நிற்கும் ஒரு பொறியியல் மாணவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அவருக்கு அந்த வீட்டுக்காரர் மாமனும் இல்லை மச்சானும் இல்லை. எட்டு வாரத்தில் எதையும் கற்க முடியாது என்கிறாரே, ஆணையர் உண்மையில் அஞ்சுவது எட்டு வாரத்தில் கற்றுவிடுவார்கள் என்பதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விவரம் அறியாதவர்கள் என்ற வாதத்துக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு பயிற்சி மருத்துவராக ஓராண்டு வார்டில் நிற்கிறவர் ஊசி போடுகிறார், தையல் போடுகிறார், பிரசவம் பார்க்கிறார். அதற்கு உதவித்தொகையும் உண்டு. பி.எட். மாணவி அரசுப் பள்ளியில் போய் வகுப்பெடுக்கிறாள். வேளாண் கல்லூரியின் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் ஊரகப் பணி அனுபவம் என்று கிராமத்தில் தங்கி, விவசாயிக்கே விதை நேர்த்தி செய்து காட்டுகிறார்கள். அந்தப் படம் வாரத்துக்கு ஒன்றாவது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வருகிறது. மனித உடம்பையும் குழந்தையின் படிப்பையும் மாணவரை நம்பி ஒப்படைக்கிறது அரசு. வீட்டுவரிப் பதிவேடு அவற்றைவிடப் புனிதமானதா?

நூறுநாள் வேலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சமூகத் தணிக்கை செய்யச் சொன்னது. ஆந்திரத்தில் 2006 முதல் அந்தத் தணிக்கைக்குத் தொழிலாளர் குடும்பங்களின் படித்த இளைஞர்களையே பிடித்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் என்.எம்.ஆர். என்னும் வருகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், இந்தக் கையெழுத்து உங்களுடையதா, இத்தனை நாள் வேலைக்குப் போனீர்களா என்று கேட்டார்கள். பட்டியலில் இருந்த சில பேர் ஊரிலேயே இல்லை என்று தெரிய வந்தது அப்படித்தான். பள்ளிப் படிப்போடு நின்றவர் படித்துப் புரிந்துகொண்ட பதிவேடு பட்டதாரிக்கு மட்டும் புரியாதாம்.

வயதைப் பற்றி அவர் ஒரு சான்று காட்டுகிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டு. பராந்தகச் சோழன் காலத்திலேயே, 35 வயதுக்குக் குறைந்தவரைக் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று வைத்தார்கள் நம் முன்னோர், ஆகவே பக்குவம் வராத பிள்ளைகளை ஆட்சிக்கு அருகில் விடக் கூடாது என்கிறார். ஐயா, கல்வெட்டைப் பாதியில் விட்டுவிட்டீர்களே. அடுத்து வருவது என்ன? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அதே கல்வெட்டு அடுக்கிக்கொண்டு போகிறது. சித்தி மகன், அத்தை மகன் வரைக்கும். பத்தாம் நூற்றாண்டில் கணக்குக் கொடுக்காதவனின் பரம்பரையையே தள்ளிவைத்த ஊரை, கணக்கைக் காட்ட மாட்டேன் என்று சொல்வதற்குத் துணைக்கு அழைக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும். போகட்டும். காணி நிலமும் வேதப் படிப்பும் உள்ளவருக்கு மட்டும் ஓலை எழுதிய பிரமதேயச் சபை அது. அந்த விதியை இன்றைக்கு அளவுகோலாக வைத்தால் எங்கள் கல்லூரியில் ஒருவர்கூடத் தேற மாட்டார், நானும் சேர்த்து.

இன்றைய விதி அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 243-எஃப் பிரிவின்படி 21 வயது ஆனவர் ஊராட்சிக்குப் போட்டியிடலாம். போட்டியிட்டார்கள், வென்றும் இருக்கிறார்கள். 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சிக்கு மேயரான ஆர்யா ராஜேந்திரனுக்கு அப்போது 21 வயது, பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கே.என்.தொட்டி ஊராட்சிக்குத் தலைவராகப் பொறுப்பேற்றவர் பி.பி.ஏ. மாணவி. அவர்களுடைய ஆட்சி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அன்று நூறு வார்டு இருந்த மாநகரத்தின் மேயர் நாற்காலியில் உட்காரச் சட்டம் அனுமதிக்கும் ஒரு மாணவி, நம் ஆணையரின் அலுவலகத்தில் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்காரத் தகுதியில்லாதவள் ஆகிறாள்.

அரசியல் கெடுத்துவிடும் என்பதற்கு நீளமாகப் பதில் தேவையில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அரசியல்வாதி இல்லாத அந்த மூன்று ஆண்டில் அலுவலகங்கள் பாலில் குளித்தன என்று ஆணையர் சொல்வாரானால் இந்த இடத்தில் நான் தோற்றதாக வைத்துக்கொள்ளலாம்.

துலிப் விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி சரி. 2020 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்து, அந்த ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. சுமார் 4,400 நகர உள்ளாட்சிகள், ஐந்தாண்டில் ஒரு கோடி இன்டர்ன்ஷிப் என்று முழங்கினார்கள். வகுத்துப் பாருங்கள்: ஓர் ஊருக்கு 2,272 பேர், ஆண்டுக்கு 450 பேருக்கு மேல். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் பேரூராட்சி அலுவலகத்தில் 450 பேரை எங்கே உட்கார வைப்பது, குப்பை வண்டியிலா? கணக்குத் தெரிந்தவர் போட்ட இலக்கு இல்லை அது. தலைப்புச் செய்திக்காகப் போட்டது. அந்த இலக்கின் பக்கத்தில்கூடத் திட்டம் போகவில்லை. அத்துடன் படிக்கிற மாணவருக்கு அதில் இடமே கிடையாது. பட்டம் பெற்றுப் பதினெட்டு மாதத்துக்குள் இருப்பவருக்குத்தான். உதவித்தொகை எவ்வளவு என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஊர் என்ன முடிவு செய்யும் என்பது தெரிந்ததே. இத்தனை ஓட்டை உள்ள பாத்திரத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்றால், தாகமே பொய் என்று ஆகிவிடுமா?

காசு கேட்காதீர்கள் என்பதற்கு வருகிறேன். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது ஊராட்சிகளின் கைக்குத் திட்டப் பணம் வந்தது, திட்டம் தீட்ட ஆள் இல்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அதிகாரிகளும் பேராசிரியர்களும் தொழில்நுட்பத் தொண்டர்களாகச் சேர்ந்து ஊராட்சித் திட்டங்களைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். நம் ஆணையரும் ஓய்வுபெற்றவர்தான். ஓய்வூதியம் மாதம் பிறந்தால் வங்கிக்கு வருகிறது. அனுபவமே ஊதியம் என்ற அவருடைய தத்துவத்தை முதலில் பரீட்சித்துப் பார்க்க அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் என் மாணவர்கள் பொருத்தமானவர்கள் இல்லை. கோடை விடுமுறையில்தான் இன்டர்ன்ஷிப். சித்திரை, வைகாசி. அதே மாதங்களில்தான் கல்யாண முகூர்த்தம். என் வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிறவர்கள். ஒரு முகூர்த்தத்துக்கு ஐந்நூறு ரூபாய், சாப்பாடு தனி. அதில்தான் அடுத்த பருவத்துக்கான தேர்வுக் கட்டணம். பெண்களில் பலர் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான் செல்லும். பேரூராட்சி அலுவலகம் அந்த வழியில் இல்லை. எட்டு வாரம் சம்பளமில்லாமல் வா என்று சொன்னால் யார் வருவார்? அப்பாவுக்கு மாதச் சம்பளம் உள்ள பிள்ளை வரும். அரசாங்கத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ, அவர் அன்றைக்கும் வடைத் தட்டோடு மண்டபத்தில் நிற்பார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது அரசு. படிக்கிற பிள்ளைக்குக் கைச்செலவு வேண்டும் என்பது கோட்டைக்கே புரிந்துவிட்டது. ஆணையருக்குப் புரிய இன்னும் எத்தனை பட்ஜெட் ஆகுமோ.

ஊழியர் பற்றாக்குறையை இலவச மாணவர்களால் நிரப்பும் யோசனையில் இன்னொரு விஷமும் இருக்கிறது. இன்றைக்கு அந்த நாற்காலியில் சம்பளமில்லாமல் உட்காருகிற என் மாணவி நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதி அதே நாற்காலிக்கு வர வேண்டியவள். ஓசியில் வேலை நடந்துவிட்டால் அந்தப் பணியிடத்தை எதற்கு நிரப்புவார்கள்? தன் வேலையைத் தானே இல்லாமல் செய்துகொள்ள அவளை எட்டு வாரம் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார் ஆணையர்.

அலுவலகம் கதவைச் சாத்தினால் மாணவர் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பெண் உண்டு, ஆகவே சான்றிதழ் வந்தாக வேண்டும். வந்துவிடுகிறது. எங்கோ இருக்கும், பெயரில் ‘டெக்’ என்று முடியும் ஒரு நிறுவனத்துக்கு ஐந்நூறு ரூபாய் கட்டினால், செயற்கை நுண்ணறிவில் எட்டு வாரப் பயிற்சி பெற்றதாகத் தங்க நிற விளிம்போடு ஒரு தாள். அதில் கையெழுத்துப் போட்டு மதிப்பெண் வழங்குகிறவர்களில் நானும் ஒருவன். இந்தக் கட்டுரையில் நான் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பேரூராட்சிக்கு நான்கு மாணவிகளை அனுப்பினேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று நாள் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான்காம் நாள் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் தூய்மை விழிப்புணர்வு என்று ஆளுக்கொரு பதாகை கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அதில் ஒருத்தி விடாப்பிடிக்காரி. வரியில் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்ற பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சாவி சாரிடம் இருக்கிறது என்றார் எழுத்தர். சார் களப்பணியில் இருந்தார். மறுநாள் சார் இருந்தார், சாவி வீட்டில் இருந்தது. அதற்கு மறுநாள் சாவி இருந்தது, பீரோ திறக்கவில்லை. பதினோரு நாள் இப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் அவர்களுக்கு எட்டு வாரச் சான்றிதழை முன்கூட்டியே கொடுத்து, நல்லபடியாகப் படியுங்கள்மா என்று வாழ்த்தி அனுப்பிவிட்டார்கள்.

அதே பிள்ளைகளைப் பக்கத்துப் பேரூராட்சிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த செயல் அலுவலர் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். நிறையப் பேசவில்லை. புகார்ப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் போட்டு, எது எந்தத் தெரு என்று பிரித்துக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த பயிற்சி. பிரிக்கப் பிரிக்க, திரும்பத் திரும்பச் சில கம்பங்களே வருவதைப் பிள்ளைகள் கண்டார்கள். சாயங்காலத்தில் கம்பம் கம்பமாக நடந்து போய்ப் பார்த்தார்கள். அத்தனையும் ஒரே சுவிட்ச் பெட்டியிலிருந்து மின்சாரம் வாங்கும் கம்பங்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஆள் ஏறிப் புது பல்பு மாட்டியிருக்கிறார். பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்குவதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் புகார்கள் தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தன, தெரு வாரியாக இல்லை. பெட்டியை மாற்றினார்கள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நிர்வாகத்தில் முப்பது வருட அனுபவம் தேவைப்படவில்லை. நோட்டுப் புத்தகமும் ஒன்பது சாயங்காலங்களும் தேவைப்பட்டன. அந்தச் செயல் அலுவலர் தன் பொறுப்பில் இருந்த சில்லறைச் செலவிலிருந்து பிள்ளைகளுக்குத் தினம் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தார். தணிக்கையில் அதற்கு ஆட்சேபணை எழுதினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது ஆணையர் வீட்டு விளக்குக்கு வருகிறேன். ஐயா, உங்கள் வாசலில் இருக்கும் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேலே பெயின்டில் ஓர் எண் எழுதியிருக்கும். அதைக் குறித்து இதழுக்கு அனுப்பினால் என்னிடம் சேர்த்துவிடுவார்கள். பக்கத்துக் கம்பங்கள் எரிகின்றனவா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். நான்கு பேர் வருவார்கள். ஊர் எதுவென்று பார்த்துப் பஸ் கட்டணம் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில்.